எட்டாம் மாதத்துப் பரீட்சை

என் வீட்டில் இப்போது ஏழு பேர் இருக்கிறோம். என்னைத் தவிர மற்ற ஆறு பேரும் தூக்கத்தில்கூட இங்கிலீஷ் பேசுகிறார்கள். காலையில் காப்பி ஆறிப்போய் வருகிறது என்று நான் முணுமுணுத்தால் யாருக்கும் கேட்பதில்லை. பேத்தி மட்டும் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து, "ஐ ஆம் போர்ட், தாத்தா" என்கிறாள். இந்த வயதில் அவளுக்கு என்ன சலிப்பு என்று கோபம் வரும். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். போர்ட் என்றுதான் சொல்கிறாள், போரிங் என்று ஒருநாளும் சொன்னதில்லை. யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்காமலே அவளுக்கு அது வந்துவிட்டது. எனக்கு அது வருவதற்காக ஒரு பெண் தன் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவதைத் தள்ளிவைத்தாள். அதை எழுதிவைக்க வேண்டும் என்று பல வருஷமாக நினைத்து, கண் சரியில்லை, பேனா சரியில்லை என்று தட்டிக்கழித்துக்கொண்டே வந்திருக்கிறேன்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஜனங்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றிப் பூர்வீக ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. நான் கோலாலம்பூர் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் தற்காலிகக் கிராணி, அதாவது குமாஸ்தா. வேகனிலிருந்து இறங்கும் மூட்டை, பெட்டி, டின் எல்லாவற்றையும் எண்ணி, எந்த நிலையில் வந்தது என்று ஒரு வரி எழுதுவது என் வேலை. எண்ணுவதில் நான் ஒருநாளும் தவறியதில்லை. நூறு மூட்டையில் ஒன்று குறைந்தாலும் இறக்கும் ஆட்களை நிறுத்திவைத்து மறுபடி எண்ணுவேன். அவர்கள் என்னைத் திட்டுவார்கள். அந்தத் திட்டையும் எண்ணியிருக்கிறேன். பிரச்சினை அந்த ஒரு வரியில்தான்.

காப்பார் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்து, பிறகு கிள்ளானில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் இங்கிலீஷ் படித்தவன் நான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதை நம்பித்தான் வேலை கொடுத்தார்கள். ஒரு நாள் கப்பல் துறைப் போர்ட்டிலிருந்து வந்த அரிசியில் பத்து மூட்டை கிழிந்திருந்தது. 'டென் டேமேஜிங் பேக்ஸ்' என்று எழுதி அனுப்பினேன். துரை அதன் பக்கத்தில் சிவப்பு மையால், அந்த மூட்டைகள் எதைச் சேதப்படுத்தின என்று கேட்டு எழுதி அனுப்பியிருந்தார். எனக்கு விளங்கவில்லை. மூட்டை எதையும் சேதப்படுத்தவில்லையே, மூட்டைதானே சேதமாகிக் கிடக்கிறது என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஓர் உத்தரவு வந்தது. தற்காலிகக் கிராணிகளுக்கு ஒரு இங்கிலீஷ் பரீட்சை வைப்பார்கள். தேறியவர்களில் சிலரை நிரந்தரமாக்குவார்கள். மற்றவர்களுக்கு வேலையும் கிடையாது, குவார்ட்டர்ஸும் கிடையாது. எங்கள் ஷெட்டில் அப்படி ஏழு பேர். பரீட்சைக்கு விருப்பம் தெரிவித்து மனு எழுதவேண்டும். 'ஐ ஆம் வெரி இன்டரஸ்டிங் இன் ரயில்வே வொர்க்' என்று அழகாக எழுதிக்கொண்டுபோய்ப் பெரிய கிராணியிடம் நீட்டினேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாசித்தார்.

"தம்பி, உம்மை இன்டரஸ்டிங் எண்டு மற்ற ஆக்கள்தான் சொல்லவேணும். நீரே சொல்லலாமோ?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மனுவை என்னிடமே திருப்பிக்கொடுத்து, "திருத்தி எழுதும். உந்த இங்கிலீஷோடை போனால் உம்மைக் கப்பலிலைதான் ஏத்துவினம்" என்றார்.

ஊரில் எனக்கு என்ன இருக்கிறது? நான் பிறந்தது காப்பாரில். அப்பாவுக்குத் தோட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாள்தான் ரப்பர்ப் பால்வெட்டு வேலை. வீட்டில் மனைவி ஆறு மாதக் கர்ப்பம். பிரிக்பீல்ட்ஸில் எங்களுக்குக் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸ் இரண்டு அறைதான். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் பலகைச் சுவர். அங்கே ஒருவர் தும்மினால் இங்கே நாங்கள் கர்த்தரைக் கூப்பிடுவோம். ஆனாலும் மேலே ஒரு கூரை இருந்தது. அது போய்விட்டால் பிள்ளையைக் கொண்டுபோய் எங்கே போடுவது என்ற கவலையில் நான் சோற்றில் கைவைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

என் மனைவி கிள்ளானில் மிஷன் பெண்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு முடித்தவள். கல்யாணத்தின்போது அதைப் பெருமையாகச் சொன்னார்கள். பிறகு அதை எல்லோரும் மறந்துவிட்டோம். அவள் என் மனுவை எடுத்துப் பார்த்தாள்.

"என்னங்க, யாரு உங்களுக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் சொல்லல. நானே கண்டுபிடிச்சேன்" என்று என் கணக்கைச் சொன்னேன். தமிழில் 'கிழிகிற மூட்டை' என்றால் இப்போது கிழிகிறது. 'கிழிந்த மூட்டை' என்றால் முன்னாலேயே கிழிந்துவிட்டது. சொல்லிலேயே காலம் இருக்கிறது. இங்கிலீஷிலும் அப்படித்தான் என்று வைத்துக்கொண்டேன். 'இங்' என்று முடிந்தால் இப்போது, 'எட்' என்று முடிந்தால் அப்போது. மூட்டை இப்போது என் கண்முன்னால் சேதமாகிக் கிடக்கிறது, ஆகவே டேமேஜிங். எனக்கு இன்றைக்கு வேலையில் ஆர்வம் இருக்கிறது, ஆகவே இன்டரஸ்டிங். நேற்று இருந்து இன்று போயிருந்தால்தானே இன்டரஸ்டட்?

அவள் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "காலத்தை விடுங்க. கடிகாரத்தைப் பார்க்காதீங்க. செய்யிறது யாரு, பட்டுக்கிறது யாரு, அதை மட்டும் கேளுங்க. வேலை உங்களைக் களைப்பாக்குது. அப்ப வேலை டையரிங். அதை வாங்கிக்கிட்டது நீங்க. நீங்க டையர்ட். நேத்து ஆனாலும் சரி, நாளைக்கு ஆனாலும் சரி" என்றாள்.

கேட்க எளிதாகத்தான் இருந்தது. வாயில் வர மறுத்தது. தெருக்கோடிச் சங்கத்தில் மாலை வகுப்பு ஒன்று நடந்தது. நாற்பது பேர் நடுவில் நான் ஒரு தடவையும் வாயைத் திறக்கவில்லை. அதனால் வீட்டிலேயே பாடம் என்று ஆயிற்று. அவளால் குனிந்து மாவாட்ட முடியாமல் போயிருந்தது. ஷெட்டிலிருந்து வந்ததும் பின்கட்டில் உட்கார்ந்து நான் ஆட்டுக்கல்லைச் சுற்றுவேன். அவள் அடுப்புப் பக்கம் பலகையில் உட்கார்ந்து கேட்பாள்.

"அடுப்பு மேல இருக்கிற தண்ணி?"

"பாயிலிங் வாட்டர்."

"இறக்கி ஆற வச்சது?"

"பாயில்ட் வாட்டர்."

"நேத்து நீங்க பார்த்து ஓடினீங்களே, அந்த நாய்?"

"நான் ஓடல."

"சரி, ஓடாதவரே, அந்த நாய்?"

"பிரைட்டனிங் டாக்."

"நீங்க?"

"பிரைட்டன்ட்..." என்று ஒப்புக்கொள்வேன்.

கூட்ஸ் ஷெட் சாமான்கள் அத்தனையும் எங்கள் பின்கட்டுக்கு வந்தன. டின்னிலிருந்து எண்ணெய் ஒழுகிக்கொண்டே இருந்தால் லீக்கிங் டின். பெட்டி உடைந்திருந்தால் புரோக்கன் பாக்ஸ். சாக்கு கிழிந்திருந்தால் டோர்ன் பேக். இந்த உடைந்ததும் கிழிந்ததும் 'எட்' போட்டுக்கொள்ளாமல் தனித்தனி வேஷத்தில் வருவது எனக்குப் பெரிய எரிச்சல். அவற்றை மட்டும் எண்ணி மனப்பாடம் செய்தேன். அறுபத்துநான்கு வந்தது.

பலகைச் சுவருக்கு அந்தப்பக்கம் இருந்தவரும் எங்கள் ஏழு பேரில் ஒருவர்தான். அவர் மனைவிக்கு எங்களைவிட வயது கூடுதல். நாங்கள் அக்கா என்போம். பொதுக் குழாயடியில் என்னைப் பார்த்தால் விடமாட்டார்.

"என்ன கிராணி, மாவுல இங்கிலீஷ் ஊத்தி ஆட்டுறீங்களா? நாளைக்கு இட்லி குட்மார்னிங் சொல்லும்லா!"

"உங்க வீட்டுக்காரரையும் அனுப்புங்க அக்கா, சேர்ந்து ஆட்டலாம்."

"அவர் கல்லைத் தொட்டாத்தானே! பெண்டாட்டி பள்ளிக்கூடத்துல சேர மாட்டாராம்."

எனக்குக் காது சுட்டது. ஆனால் குழாயடியிலிருந்து நேராகப் போய் ஆட்டுக்கல் முன்னால்தான் உட்கார்ந்தேன்.

பரீட்சைத் தேதியை அறிவித்தார்கள். மனைவி தன் விரல்களை மடக்கிக் கணக்குப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே விடை. பரீட்சை அவளுடைய எட்டாம் மாதத்தில் விழுந்தது.

எங்கள் குடும்பங்கள் மெதடிஸ்ட். ராகு காலம் பார்ப்பதில்லை, ஜாதகம் கிடையாது. ஆனாலும் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை ஏழாம் மாதம் வளையல் போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டும். எட்டில் வண்டி ஏறவே கூடாது. ஏழை விட்டால் ஒன்பதுதான். இது பைபிளில் எங்கே இருக்கிறது என்று போதகரே ஒரு தடவை கேட்டார். பெண்கள் யாரும் பதில் சொல்லவில்லை.

ஏழாம் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாமியார் கிள்ளானிலிருந்து முதல் ரயிலில் வந்து இறங்கினார். கூடவே மூன்று கூடை. கலந்த சாதம் ஏழு வகை, பலகாரம் ஐந்து, கண்ணாடி வளையல் பெட்டி ஒன்று. சபைப் பெண்கள் வந்து பாட்டுப் பாடி ஜெபித்தார்கள். பக்கத்து வீட்டு அக்காதான் முதல் வளையலைப் போட்டுவிட்டார். எல்லாம் முடிந்து சாப்பிட்டுக் கை கழுவியதும் மாமியார், "பெட்டியை எடு பாப்பா, மூணு மணி வண்டிக்குப் போகணும்" என்றார்.

"நான் வரலம்மா" என்றாள் என் மனைவி.

எனக்கே அது தெரியாது. என்னிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமியார் என்னைத்தான் பார்த்தார்.

"மாப்பிள்ளை, நீங்க அனுப்ப மாட்டேன்னுட்டீங்களா?"

"ஐயையோ, நான் ஒண்ணும் சொல்லல அத்தை. நீ போ" என்று மனைவியிடம் சொன்னேன். மனதார விரும்பித்தான் சொன்னேன். கிள்ளானில் மருத்துவச்சி பக்கத்து வீடு. இங்கே அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஓடிப்போய்க் கூப்பிட எனக்கு ஒரு ஆள் தெரியாது. ரத்தக்குறைவு, ஜன்னி, குழாயடியில் பாசி என்று என்னென்ன ஆபத்து உண்டோ எல்லாவற்றையும் ஏற்கெனவே எண்ணி வைத்திருந்தேன்.

"போனா பாடம் யாரு சொல்லிக் கொடுப்பா?" என்றாள்.

"ஒரு வாத்தியார் வச்சுக்கட்டும்டி. ஊர்ல வாத்தியாரே இல்லையா?"

"வாத்தியார் முன்னாடி இவருக்கு வாய் திறக்காதும்மா. என்கிட்டதான் தப்பாப் பேசக் கூச்சப்படாம இருக்காரு. இவருக்கு இன்னும் பாதிதான் வருது. இப்ப விட்டா அதுவும் போயிரும். வேலை போச்சுன்னா நான் பெத்துத் தூக்கிட்டு எந்த வீட்டுக்கு வர்றது?"

"எட்டுல வண்டி ஏறக் கூடாதுடி."

"அதான், ஒன்பதுல வரேன்."

"ஒன்பதுல குலுங்கிக்கிட்டு வந்து நடுவழியில வலி எடுத்தா?"

"ரயில்வேக்காரர் பிள்ளைதானே, ரயில்லயே பொறக்கட்டும்."

சபைப் பெண்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாமியார் சிரிக்கவில்லை. மகளையே வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையில் செருகியிருந்த பூவை எடுத்துக் கூடையில் போட்டார். கட்டியிருந்த நல்ல சேலையின் முந்தானையை இடுப்பில் செருகினார்.

"அப்ப நானும் போகல. எங்கடி வெளக்குமாறு?"

அப்படித்தான் மாமியார் எங்களோடு தங்கினார். இரண்டு அறையில் அவர்கள் இருவரும். நான் வாசல் தாழ்வாரத்தில். பிரிக்பீல்ட்ஸ் கொசுவைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது. அன்று எனக்கு அலுப்பும் கோபமுமாக இருந்தது உண்மை. இன்று நினைத்தால், தன் வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு, மகளைக் காக்க வந்த அந்த அம்மாள் என் வேலையையும் சேர்த்துக் காத்துவிட்டுப் போனார் என்றுதான் தோன்றுகிறது. அவர் வந்த பிறகு என் மனைவி தரையில் கிடந்த ஒரு துரும்பைக்கூட எடுக்கவில்லை. பாடம் மட்டும்தான் அவள் வேலை. கை நிறைய வளையல். நான் தவறாகச் சொன்னால் தலையில் குட்ட வருவாள். கை வருவதற்கு முன்னால் வளையல் சத்தம் வந்துவிடும். நான் திருத்திக்கொள்வேன்.

மாமியாருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் கேட்டுக்கொண்டே இருப்பார். ஒரு மாலை முறத்தைத் தட்டென்று கீழே வைத்தார்.

"தினம் இதே பாட்டு. கேட்டுக் கேட்டு எனக்குச் சலிச்சுப் போச்சு."

மனைவி கைதட்டினாள். "பாருங்க, பாருங்க! பாடம் போரிங். அம்மா போர்ட்."

"போர்ட்டா? ஏன்டி, நான் என்ன கப்பல் நிக்கிற இடமா?"

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அக்கா சுவரைத் தட்டி, "எங்களுக்கும் சொல்லிட்டுச் சிரிங்கலா!" என்றார். அன்றைக்கு எனக்கு அது உள்ளே இறங்கியது. சலிப்பைக் கொடுப்பது ஒன்று. சலித்துப்போவது இன்னொன்று. எதிரெதிரே உட்கார்ந்திருந்த பாடத்தையும் மாமியாரையும் பார்த்த பிறகு நான் காலத்தைத் தேடவில்லை.

பரீட்சை நாளில் மாமியார் ஜெபம் பண்ணி, நெற்றியைத் தொட்டு அனுப்பினார். மனைவி வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. தலைமை ஆபீஸில் முதலில் எழுத்து. ஷெட்டில் மழை நாள் ஒன்றை விவரிக்கச் சொல்லியிருந்தார்கள். எழுத எழுத எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நனைந்த சாக்கு, ஒழுகும் கூரை, வழுக்கும் பலகை, களைத்த ஆட்கள் எல்லாம் தத்தம் இடத்தில் வந்து உட்கார்ந்தன. மதியம் துரை நேரில் கேட்டார். பெரிய கிராணி பக்கத்தில் நின்றார். வேலை எப்படிப்பட்டது என்று கேள்வி. டையரிங் என்றேன். அப்படியானால் உனக்கு அலுத்துவிட்டதா என்றார். நோ சார், ஐ ஆம் இன்டரஸ்டட் என்றேன். பெரிய கிராணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு இருமினார்.

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் மாமியார் ஒரு நாளும் தாமதிக்கவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு கிள்ளானுக்குப் புறப்பட்டார். நானும் கூடப் போனேன். இரண்டு தலையணையை முதுகுக்கும் பலகைக்கும் நடுவில் வைத்து, ஒவ்வொரு ஸ்டேஷனாக எண்ணிக்கொண்டு, வண்டி குலுங்கும்போதெல்லாம் நான்தான் முனகினேன். அவள், "யாருக்குங்க வலி?" என்று கேட்டாள். கிள்ளானில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

முடிவு வந்த காலை பெரிய கிராணி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, உம்முடைய பேர் கிடக்கு" என்றார். பிறகு, "உம்மோடை இன்னும் ஒராள். அவ்வளவுதான்" என்றார்.

ஏழில் இரண்டு. மற்ற ஐந்து பேரில் பலகைச் சுவருக்கு அந்தப்பக்கத்துக்காரரும் ஒருவர். அவர் தன் மேசை இழுப்பறையைக் காலிசெய்துகொண்டிருந்தார். குவார்ட்டர்ஸ் சாவியை வார முடிவுக்குள் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்களாம். ஊருக்குக் கப்பல் எப்போது என்று இன்னும் தெரியாது. என்னைப் பார்த்து, "நல்லது தம்பி" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அரைநாள் விடுப்பு வாங்கிக்கொண்டு கிள்ளானுக்கு ஓடினேன். மாமியார் வாசலிலேயே மறித்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பொண்ணு. விடியக்காலைல. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. உள்ள போகாதீங்க மாப்பிள்ளை, ஆம்பளைங்க இப்ப உள்ள போகக் கூடாது."

இதையும் போதகர் பைபிளில் தேடவேண்டும் என்று நினைத்தேன். அறையின் ஜன்னலுக்கு வெளியே போய் நின்றேன். கதவு பாதி சாத்தியிருந்தது.

"கேக்குதா?" என்றேன்.

"கேக்குது" என்றாள். குரல் மெலிந்திருந்தது.

"நிரந்தரம் ஆயிருச்சு."

உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. என் கண்ணும் மறைத்தது. உனக்கு நான் என்ன செய்யப்போகிறேன் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் கேட்டாள்.

"பக்கத்து வீட்டு அக்கா வீட்டுக்காரருக்கு?"

"இல்ல. வார முடிவுக்குள்ள சாவி கொடுக்கணுமாம்."

"கப்பல்?"

"எப்பன்னு தெரியாது."

பிறகு அவள் பேசியது பாடம் கேட்கும்போது பேசுவாளே, அதே குரல்.

"நான் வர ரெண்டு மாசம் ஆகும். நம்ம வீடு சும்மாதானே கிடக்கு. அவங்க கப்பலேறுற வரைக்கும் அங்க இருக்கட்டும். இன்னைக்கே போய்ச் சொல்லுங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க. அக்கா அவங்களாக் கேக்க மாட்டாங்க."

"மேலதிகாரி கேட்டா?"

"உறவுக்காரங்கன்னு சொல்லுங்க. முதல் வளையல் போட்டவங்க உறவு இல்லாம வேற யாரு?"

மாமியார் ஒரு துணிமூட்டையை வாசற்படிவரை கொண்டுவந்து துணியை விலக்கிக் காட்டினார். சிவந்த முகம், கண் மூடியிருந்தது. எண்ண ஆரம்பித்தேன். கைவிரல் பத்து எண்ணுவதற்குள் மூடிவிட்டார்.

மாலை வண்டியில் திரும்பினேன். பக்கத்து வீட்டு வாசலில் அக்கா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "பிள்ளை பொறந்தாச்சா?" என்றுதான் முதலில் கேட்டார். பெண் என்றேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"அக்கா, அந்தச் சாக்கை அவிழுங்க. சாமானை எல்லாம் நம்ம வீட்டுக்குக் கொண்டாங்க. அவ சொல்லிட்டா."

"ரெண்டே அறைதானே தம்பி. நாங்க நாலு பேரு."

"நான் ஒருத்தன். அஞ்சு பேருக்கு ரெண்டு அறை. சரியாத்தான் வரும்."

அக்கா சாக்கின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினார். நான் மறுமுனையைப் பிடித்தேன்.